கருஞ்சுழிப் பாலத்து உத்திரங்கள்

மங்கலம் ஓங்குக. கடல் சூழ்ந்த நீள்கரை நாட்டை ஒரு குடைக்கீழ்க் காத்தருளும் உடைய பிராட்டி இளமதி நங்கையாரின் வாளும் வழக்கும் வெல்க. அவ்வரசியாரின் பாலப்பணி மாராயன் கூத்தன் விடங்கன், மேகவரை நாட்டுக் கோட்டையில் விருந்தினன் என்ற பெயரில் இருந்துகொண்டு, கருஞ்சுழி ஆற்றுக் காவற்படைத் தலைவர் நக்கன் பூதியாருக்கு எழுதும் ஓலை. உம் படையும் குதிரைகளும் நலமாயிருக்க. இதைத் தனித்திருந்து படிக்க. மேகவரை நாட்டார் எவரும் அருகே நிற்கலாகாது.

நம் இளவரசி நீலநங்கையாரை மணக்கவிருக்கும் மேகவரை வேள் சேந்தனார் மணச்சீராக அனுப்பிய தேவதாரு உத்திரங்களைக் கொண்டே, மணஊர்வலம் கடக்கவிருக்கும் கருஞ்சுழிப் பாலத்தை நான் கட்டி முடித்தேன் என்பதை நீர் அறிவீர். அவை பட்டை உரித்து, நான்கு முகமும் இழைத்து, எண்ணெய் பூசப்பட்டு வந்தன. பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. ஆயினும், பட்டையோடு ஒரு மரத்தையாவது காட்டாமல் ஏன் அத்தனையும் இழைத்தே அனுப்பினார்கள் என்ற ஐயம் என்னை விடவில்லை. கைப்பிடிக்கு இன்னும் மரம் வேண்டும் என்று காரணம் சொல்லி, அவை வளர்ந்த காட்டைக் காண இங்கு வந்தேன்.

வனநாயகன் பாறன் கண்டன் என்பவர் என்னை எதிர்கொண்டார். இனிக்கப் பேசுகிறவர், ஆனால் என்னை ஓரிடத்திலும் தனியே விடாதவர். வெட்டுக்குக் குறித்து நிறுத்தியிருந்த தேவதாருக்களின் அடியில், ஆள் இடுப்பளவு உயரத்தில், புதிய உளித் தழும்புகள் இருந்தன. அவற்றின்மேல் பிசினும் மண்ணும் குழைத்து அப்பியிருந்தார்கள். வடம் உராய்ந்த காயம் என்றார் அவர். வடம் உராய்ந்தால் பட்டை சுற்றிலும் தேயும். இப்படிக் கையகலத்துக்கு ஒரே இடத்தில் பெயராது.

சற்றுத் தள்ளி, சருகு போர்த்திய குவியல் ஒன்றைக் காலால் விலக்கினேன். உள்ளே குதிரைக் குளம்பு போன்ற கட்டைக் காளான்கள் கிடந்தன. மழைக்கு முளைத்து மறுநாள் வாடுகிற மென்காளான் அல்ல. ஆண்டுக்காண்டு அடுக்கடுக்காகத் தடித்து, கத்தி இறங்காத மரமாகவே ஆகிவிடுவது. மேலே கருஞ்சாம்பல் ஓடு, விளிம்பை ஒட்டிச் செம்மஞ்சள் பட்டை, கீழே ஊசியால் குத்தியது போன்ற நுண்துளைகள். முகர்ந்தால் புளித்த வாடை. தேவதாருவில் இது வெளியே தெரிந்தால் உள்ளே வைரம் பாய்ந்த நடுமரம் அழுகத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

வனநாயகர் சிரித்தார். "இதைப் பார்த்தா பயந்துவிட்டீர்? இலை உதிர்க்கிற மரத்தில் வளர்கிறது இது. ஆட்டிடையர்கள் நெருப்பு மூட்டக் கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள்" என்றார்.

அவர் சொன்னதிலும் பாதி மெய் உண்டு. இலையுதிர் மரங்களில் இதே வடிவில் ஒன்று வளர்கிறது. அதைத் தீமூட்டப் பயன்படுத்துகிறார்கள். இரண்டையும் பிரித்தறிய ஒரு வழி இருக்கிறது. தீமூட்டும் காளானின் ஓட்டில் சுடரைப் பிடித்தால் அது கருகுமே தவிர உருகாது. தேவதாருக் காளானின் ஓடோ அரக்கைப் போல் குமிழியிட்டு உருகும்.

மரவெட்டிகள் உச்சிப்பொழுதில் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். அந்த அடுப்பில் எரிந்த கொள்ளி ஒன்றை எடுத்து, வனநாயகரின் கண்முன்னே காளானின் ஓட்டில் வைத்தேன். ஓடு சீறிக் குமிழியிட்டு வழிந்தது. வனநாயகரின் முகத்திலிருந்த சிரிப்பு அப்போதுதான் போயிற்று.

அடுப்பருகே இருந்த மரவெட்டி, பெயர் தாழி, தலையைக் குனிந்தபடியே சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "காளானைச் செதுக்கச் சொன்னாங்க, செதுக்கினோம் சாமி. எங்க அண்ணன் ஒரு மரத்துல கோடாலியை வச்சதும் அது பாதியில முறிஞ்சு அவன் மேலயே விழுந்துச்சு. உள்ள பூரா செங்கல் பொடி மாதிரி இருந்துச்சு. அந்த மரமும் உங்க பாலத்துக்குத்தான் போச்சு, நல்லாத் தெரியுற பாகத்தை மட்டும் அறுத்து." அவனை உடனே இரண்டு பேர் எழுப்பி அழைத்துப் போனார்கள். அதன்பின் நான் அவனைக் காணவில்லை. கேட்டால், ஊருக்குப் போயிருக்கிறான் என்கிறார்கள்.

இது வனநாயகரின் பேராசையா, வேளின் சூழ்ச்சியா என்று என்னால் அறுதியிட முடியவில்லை. ஆனால் காட்டுக்குப் போகுமுன்னே வனநாயகர் என்னிடம் பலமுறை கேட்டது ஒன்று உண்டு: அரசியாரும் இளவரசியாரும் மெய்க்காவற் படையும் சேர்ந்தே பாலத்தில் வருவார்களா, பிரிந்து வருவார்களா என்பது. மரம் வெட்டித் தருபவருக்கு அது எதற்கு என்று நீரே எண்ணிப் பாரும்.

நெருப்புச் சோதனைக்குப் பிறகு என் அறைவாசலில் இருவர் நிற்கிறார்கள், என் பாதுகாப்புக்காம். உணவு நன்றாகவே வருகிறது. அதை நான் உண்பதில்லை. கோட்டைக்கு உப்புக் கொண்டுவரும் நம் நாட்டு வணிகத்தி சாத்தி, தன் மூட்டைக்குள் இவ்வோலையை வைத்துக் கொண்டுவருவாள். அவளுக்கு உணவும் காவலும் தருக.

என் சொல்லையும் நம்ப வேண்டாம். பாலத்தின் கீழ்க்கரை உத்திரங்களில் நீரே துரப்பணக் கருவியால் துளையிட்டுப் பாரும். வெளுத்த மரச்சுருள் வந்தால் நான் பிழை செய்தேன். பழுப்பாய், கட்டம் கட்டமாய் உடைந்த தூள் வந்தால், மணஊர்வலம் கரையை அடையுமுன் பாலத்தை வெட்டி ஆற்றில் விடுக. அரசியார் சினந்தால் பழி என்னுடையது. மேகவரைத் தூதர் எவரேனும் மறுத்தால், முதலில் அவரைப் பாலத்தில் நடக்கச் சொல்லுக.

இவ்வோலையில் முத்திரை இல்லை. அதைப் பத்திரமாக வைப்பதாகச் சொல்லி நேற்று வாங்கிக்கொண்டார்கள். ஆகவே என் முத்திரையோடும் என் கையெழுத்தோடும் பாலம் நலம் என்று வேறோர் ஓலை உம்மிடம் வருமாயின், அதை எழுதவைக்க என்னை என்ன செய்தார்கள் என்று கேளாமல், உடனே பாலத்தை வெட்டுக.

இது கட்டளை. கூத்தன் விடங்கன் எழுத்து.