சிவப்புப் பொட்டு இல்லாத பல்

என் பாசமுள்ள அண்ணா,

உன் கருமாதி முடிந்து பத்து நாளாகிறது. அம்மா மறுபடியும் ரப்பர் பால் வெட்டப் போகிறாள். நான்தான் யாரையும் நம்ப முடியாமல் இருக்கிறேன். தேங்காயைக்கூட நாலு தரம் தட்டிப் பார்த்து வாங்குகிறவள் என்று கேலி செய்வாயே, அந்தப் புத்தி இப்போது முற்றிவிட்டது.

போன வாரம், நீ வேலை செய்த மினிரன் சுரங்க ஆபீஸில், அந்தப் பென்சில் கரிச் சுரங்கத்து ஆபீஸில்தான், விசாரணை நடந்தது. பாறை வெட்டும் மெசினிலிருந்து ஒரு இரும்புப் பல் தெறித்து உன் நெஞ்சில் அடித்ததாம். அதைச் சரியாகப் பூட்டாதது உன் பிழையாம். அப்படி எழுதிய தாளை நீட்டி, "அத்சன் கரன்ன அம்மே" என்று சிங்களத்தில் அம்மாவிடம் கையெழுத்துக் கேட்டார் சூப்பர்வைசர் மாத்தயா. அந்தப் பல்லும் மேசைமேல் இருந்தது, ஒரு பக்கம் மட்டும் தட்டையாய்த் தேய்ந்து.

பல் தன் குழிக்குள் சுழன்றால்தான் சமமாகத் தேயும், இறுகி நின்றால் ஒரு பக்கம் தேய்ந்து தெறித்துவிடும் என்று நீதானே சோறு தின்றபடி சொல்வாய்? அதற்காகத்தானே ரப்பர் மரத்துப் பட்டைக்கு அடையாளம் வைக்கிற சிவப்புப் பெயின்டை அம்மாவிடம் வாங்கிப்போய், நீ பூட்டும் ஒவ்வொரு பல்லின் பின்பக்கமும் பொட்டு வைத்தாய்? பொட்டு இடம் மாறாமல் நின்றால் அந்தப் பல்லைக் கழற்றிவிடுவாய்.

மேசையில் இருந்த பல்லில் பொட்டு இல்லை. மணி பார்ப்பது போல் போனை எடுத்து, அதைப் படம் பிடித்துக்கொண்டேன். அம்மாதான் வாயை அடக்கவில்லை.

"என் புள்ள பூட்டுற பல்லுல சிவப்புப் பொட்டு இருக்கும் மாத்தயா. இதுல எங்கங்க?"

மாத்தயா பல்லை மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டினார். திங்கட்கிழமை வரச் சொன்னார்.

அன்றைக்கு நீ பொட்டு வைக்க மறந்துதான் போனாயோ என்று எனக்கே ஒரு கணம் தோன்றியது. மன்னித்துவிடு, உன்னையும் தட்டிப் பார்த்துவிட்டேன். அம்மாவோ, "திருநீறு பூச மறப்பான், அத மறக்க மாட்டான்டி" என்றாள்.

இன்று காலை உன் கூட்டாளி சிவா வந்தான். அண்ணன் என்று எழுதக் கை வரவில்லை. உன் இடத்தில் இப்போது அவன்தான் பல் மாற்றுகிறான். டீகூடக் குடிக்கவில்லை.

"தங்கச்சி, அந்தச் சிவப்புப் பெயின்ட் மிச்சம் இருக்கா? சும்மாதான், வீட்டுக் கேட்டுக்கு அடிக்கணும்."

எதற்கென்று நான் கேட்கவேயில்லை. எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்கிற கதைதான். லயத்து ஒற்றை அறைக் காம்பராவுக்கு ஏது கேட்? உன் சவப்பெட்டியைத் தோளில் தூக்கியவன் அண்ணா அவன். மிரட்டி அனுப்பினார்களா, அவனாகவே வந்தானா?

"தாராளமா எடுத்துக்கிட்டுப் போங்கண்ணே" என்று டின்னைக் கொடுத்துவிட்டேன். சிரித்தும் வைத்தேன்.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் அம்மாவும் நானும் போவோம். அந்தப் பல்லை மறுபடி மேசையில் வைக்கட்டும். அதில் புதிதாய்ச் சிவப்புப் பொட்டு இருந்தால், அன்றைக்கு எடுத்த பொட்டில்லாத படம் என் போனில் இருக்கிறது. உன் பிழை என்று எழுதிய தாளில் அம்மாவின் கையெழுத்து விழாது. இது சத்தியம்.

உன்னையும் ஒரு கணம் சந்தேகப்பட்ட
உன் தங்கச்சி,
செல்வி