நீ வேலையை விட்ட காரணம் ஊருக்கு எதற்கு?

என் ஆரோக்கியசாமி மச்சானுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை உன் கல்லறைக்கு வந்தபோதே இதைச் சொல்லியிருப்பேன். பக்கத்தில் உன் மனைவி பிலோமினா தங்கச்சி நின்றிருந்தது. அதன் முகத்தைப் பார்த்த பிறகு வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். நாலு பேர் படிக்கத்தான் எழுதுகிறேன். மைக் போட்டுப் பேசிய பேச்சுக்குக் காதோடு காதாகப் பதில் சொல்லி என்ன பிரயோஜனம்?

நாம் இரண்டு பேரும் மூட்டை சுமந்து ஆளான பழைய மண்டிக்குத் தை மாதம் ஆண்டு விழா நடந்தது. கள்ளக்குறிச்சியில் கல்யாண மண்டபம் எடுத்து, பிரியாணி போட்டு, பழைய ஆட்களையும் கூப்பிட்டிருந்தார்கள். எனக்கும் பத்திரிகை வந்தது. இன்றைக்கு அதே தெருவில் என் மண்டி அதைவிடப் பெரிதாக நிற்கிறது. போகாவிட்டால் திமிர் என்பார்கள். போனேன்.

தனபாலை ஞாபகம் இருக்கிறதா? நாம் இருக்கும்போது கணக்கெழுத வந்தானே, அவன்தான் இப்போது மேனேஜர். மைக்கைப் பிடித்தவன், இங்கிருந்து போனவர்கள் எல்லாம் ஏன் போனார்கள் என்று ஒவ்வொருவராகச் சொல்ல ஆரம்பித்தான். கூட்டத்தைச் சிரிக்க வைக்கிறானாம்.

முதலில் நான். பேராசை பிடித்துப் போனேன் என்றான். நானும் சேர்ந்து சிரித்தேன். பொய் இல்லையே, ஆசைப்படாமல் எவன் சொந்தமாகக் கடை வைப்பான்? அடுத்தது தானியம் புடைத்துக்கொண்டிருந்த கலைச்செல்வி. மாமியார் சண்டையில் நின்றுவிட்டதாம். அந்தப் பெண்ணுக்குக் கல்யாணத்துக்கு முன்பே மாமியார் செத்துப்போயாயிற்று. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்துகொண்டு, யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் தரையைப் பார்த்தது.

அப்புறம் நீ.

"நம்ம ஆரோக்கியம் அண்ணன். நல்ல மனுசன். ஊரு கருணாபுரம். ஏன் நின்னாருன்னு நான் வேற சொல்லணுமா?" என்று கேட்டுவிட்டு, கட்டை விரலை வாய்ப்பக்கம் கொண்டுபோய்க் காட்டினான்.

மண்டபமே சிரித்தது மச்சான். கள்ளச் சாராயத்தில் செத்தவர்களுக்குப் பந்தல் போட இடம் போதாமல் வரிசையாகப் பிணங்களைக் கிடத்திய தெருக்கள் அவை. அழுது அழுது குரல் போன பொம்பளைகள் இன்னும் அங்கேதான் கூலி வேலைக்குப் போய்வருகிறார்கள். அந்த ஊர்ப் பேரைச் சொன்னால் இவர்களுக்குச் சிரிப்பு வருகிறது. சிரித்தவர்களில் பாதிப் பேர் என்னோடு வியாபாரம் பண்ணுகிறவர்கள். எந்த வாயால் சிரித்தார்கள்?

நீ குடித்ததே இல்லை என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். கிறிஸ்துமஸுக்கு உன் வீட்டில் போட்ட திராட்சை ஒயினை நானும்தான் குடித்திருக்கிறேன். ஆனால் விடிகாலையில் மண்டியைத் திறக்கிற ஆள் நீ. ஒரு நாள்கூடக் கண் சிவந்து வந்து நான் பார்த்ததில்லை. அந்தச் சாராயச் சாவுகள் நடந்தபோது நீ உயிரோடு இல்லை. அதற்கு முந்தின வருஷமே நெஞ்சு வலியில் போய்விட்டாய். அது யாருக்கு வேண்டும்? கருணாபுரம், ஆரோக்கியசாமி, செத்துப்போனான். இந்த மூன்றையும் ஒன்றாக முடிச்சுப் போட்டுவிட்டார்கள். யாரோ வீடியோ எடுத்து ஸ்டேட்டஸில் வைத்தான். அடுத்த வாரம் உளுந்து ஏற்றிக்கொண்டு வந்த களமருதூர் விவசாயி ஒருவர் என்னிடமே சொல்கிறார்: "பாவம், ஒங்க கூட்டாளியும் அந்தச் சாராயத்துல தான போனாரு?"

அன்றைக்கே தனபாலைத் தேடிப் போனேன். உட்காரச் சொன்னான், டீ சொன்னான். இரண்டுமே வேண்டாம் என்று நின்றுகொண்டே கேட்டேன்.

"இன்னாண்ணே, தமாசுக்குச் சொன்னது. அதுக்குப் போயி சட்டையப் புடிக்க வந்துக்கினு."

"தமாசு பண்றவன் ஒன்னப் பத்திப் பண்ணிக்கினு போ. பதில் சொல்ல முடியாத ஆளு மேல இன்னாடா தமாசு?"

அவன் சிரிப்பை நிறுத்தினான். "சரி, நீயே சொல்லுண்ணே. அவரு ஏன் நின்னாரு?"

எனக்குத் தெரியாது மச்சான். ஒரே தூக்குச் சட்டியில் சாப்பிட்டவன், எனக்கே தெரியாது. ஒரு நாள் காலையில் முதலாளியிடம் போய், நாளையிலிருந்து வரவில்லை என்றாய். எல்லோருக்கும் கும்பிடு போட்டாய், போனாய். சண்டை இல்லை, சத்தம் இல்லை. முதலாளியே உன் வீட்டுக்கு ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். நீ போகவில்லை. நான் கேட்டபோதெல்லாம், அதை விடு என்று பேச்சை மாற்றினாய்.

தெரியாது என்றேன். "பாத்தியா. தெரியலன்னா ஆளுக்கு ஒண்ணு பேசத்தான் செய்வாங்க" என்றான், ஏதோ என்னை ஜெயித்துவிட்ட மாதிரி. ஒருத்தன் சொல்லாமல் விட்ட இடத்தில் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் கொட்டலாம் என்பது எந்த ஊர் நியாயம்?

வெறும் பேச்சோடு போயிருந்தால் நானும் தலையில் அடித்துக்கொண்டு விட்டிருப்பேன். அந்தப் பேச்சு மலைவரைக்கும் ஏறிவிட்டது. நீ மண்டியை விட்ட பிறகு கல்வராயன் மலையில் சொந்தமாகப் புளி எடுத்தாயே, அதை இப்போது உன் மகள் ஸ்டெல்லாதான் பார்க்கிறாள். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: மலையில் காய் மரத்தில் இருக்கும்போதே மரத்துக்கு விலை பேசிவிடுவார்கள். பத்திரம் கிடையாது. வாய் வார்த்தைதான். ஆளை நம்பினால் மரம், நம்பாவிட்டால் இல்லை. அந்த மரங்களை வைத்துத்தான் உன் குடும்பம் சாப்பிடுகிறது.

இந்த வருஷம் மலையூர்க்காரர்கள் ஸ்டெல்லாவுக்குப் பதில் சொல்லாமல் இழுத்தடித்தார்கள். என்னைத் துணைக்குக் கூப்பிட்டாள். வடக்கனந்தல் தாண்டி என் வண்டியிலேயே ஏறினோம். ஊர்ப் பெரியவர் சடையன் மரத்தடியில் பாய் போட்டு உட்கார வைத்தார். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் வீடியோவைப் பார்த்திருந்தார்கள். ஏற்கெனவே சாராயம் என்று சொல்லித்தான் மலைக்குப் போலீஸ் ஏறுகிறது, அந்தப் பேர் உள்ள வீட்டோடு பேச்சு வைத்தால் எங்களுக்குத்தான் வம்பு என்றார்கள்.

"கோச்சுக்காத பாப்பா. ஒங்க அப்பா ஏன் மண்டிய வுட்டு நின்னாருன்னு தெளிவா சொல்லிடு. இப்பவே வெல பேசிடலாம்" என்றார் சடையன்.

ஸ்டெல்லா தயங்கவில்லை.

"எனக்குத் தெரியுங்க. எங்க அப்பா என்கிட்ட சொல்லியிருக்காரு. ஆனா சொல்ல மாட்டேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தெரியுமாமே! சொல்லித் தொலையேன் என்று அவள் கையைத் தட்டினேன். வியாபாரி புத்தி, வேறென்ன. ஒரு வார்த்தையில் சரக்கு கைக்கு வரும் என்றால் அந்த வார்த்தையைச் சொல்லிவிட வேண்டியதுதானே? அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

"அவரு ஒங்களுக்குச் செஞ்சதப் பத்திக் கேளுங்க, சொல்றேன். வேலய வுட்டது அவரு சொந்த விசயம். கீழ ஒங்க மலையப் பத்தி இன்னா இன்னா பேசுறாங்கன்னு எனக்கும் தெரியும். நெசமான்னு ஒரு நாளாவது ஒங்கள கேட்டுக்கினு வந்தனா?"

ஓரமாக நின்றிருந்த ஒரு பெண் மட்டும், "இல்ல, கேட்டதில்ல" என்றது.

சடையன் மேட்டுப் பக்கத்து மரங்களை எடுத்துக்கொள்ளச் சொன்னார். ஓடையோரத்து மரங்களுக்கு யோசித்துச் சொல்வார்களாம். நல்ல காய்ப்பு ஓடையோரத்தில்தான் என்று உனக்குத் தெரியும். அதற்கு இன்னும் பதில் வரவில்லை. ஒருத்தன் விரலைத் தூக்கிக் காட்டியதற்கு உன் வீடு பாதி மரத்தை இழந்து நிற்கிறது. சிரித்தவர்கள் தெரிந்துகொள்ளட்டும். தனபாலும் படிக்கட்டும். அந்த மண்டிக்கு என் கடையிலிருந்து இனி ஒரு மூட்டை போகாது. கலைச்செல்வியிடமும் பிலோமினாவிடமும் அதே மைக்கில் மன்னிப்புக் கேட்கிற வரைக்கும் போகாது.

இறங்கி வரும்போது ஒரு வளைவில் வண்டியை நிறுத்தி இஞ்சினை ஆற விட்டேன். ஸ்டெல்லா தண்ணீர் குடித்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"மாமா, ஒங்களுக்கு மட்டும் சொல்லட்டா?"

பேரம் பேசாமல் நான் எதையும் வாங்கியதில்லை, விசாரிக்காமல் எதையும் விட்டதில்லை. உன் விஷயத்தில் இத்தனை வருஷமாக உள்ளுக்குள் குடைந்துகொண்டிருந்தது. சொல்லு என்கிற வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது மச்சான். எனக்குச் சொல்ல நினைத்திருந்தால் நீயே சொல்லியிருக்க மாட்டாயா?

"வேணாம் பாப்பா" என்றேன். "ஒங்க அப்பன் எனக்குச் சொல்லல. நீயும் சொல்லாத."

அவள் சிரித்துவிட்டாள். மண்டியிலிருந்து நீ நின்ற நாளில் சிரித்துக்கொண்டே கும்பிடு போட்டாயே, ஏறக்குறைய அந்தச் சிரிப்பு. வண்டியை எடுத்தேன்.

இதுதான் உனக்கு நான் கொடுக்கிற வாக்கு. இனி அதைக் கேட்க மாட்டேன்; உன் மகளிடமும் இல்லை, என் மனசுக்குள்ளும் இல்லை. வேறு எவனாவது ஒரு காரணத்தோடு வந்தால், அதை என் கடை வாசலைத் தாண்ட விட மாட்டேன். தெரியாமலேயே உனக்காகச் சண்டை போடுவேன்.

உன் மச்சான்,
ஸ்டெல்லாவுக்குத் தாய்மாமன் ஸ்தானத்தில் நிற்கிற
கோவிந்தராஜ்