பெட்டி கொடுத்த சாவி

அன்றைக்கு நம் தெருவில் இருந்தவர்களை வரிசையாகச் சொல்கிறேன், அக்கா. நீ, நான், எதிர்வீட்டு ஜுலைகா, என் மருமகள் வனஜா, தையல்கடை சண்முகம். பிறகு பாரிஸ்காரர் வீட்டில் தங்க வந்த ஐந்து தடியன்கள். அவன்களுக்கு இன்றுவரை பெயர் கிடையாது.

பத்து நாளைக்கு முன்னால் ஒரு காகிதம் வந்தது. குடியிருக்கிற தெருக்களில் வீட்டை நாள் வாடகைக்கு விடுவதற்கு என்ன விதி வைக்கலாம் என்று கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசில் கூட்டமாம். யார் வேண்டுமானாலும் வந்து பேசலாமாம். அதைக் கையில் பிடித்ததும் வாசற்படியில் கிடந்த உன் ரத்தம்தான் நினைவுக்கு வந்தது.

நம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருக்கிற பாரிஸ்காரர் வீட்டின் சாவி எத்தனை வருஷம் உன் வீட்டு ஆணியில் தொங்கியது! நம் பட்டினத்தில் யார் வெளிநாடு போனாலும் சாவி பக்கத்து வீட்டில்தான் இருக்கும். சனிக்கிழமை திருநள்ளாறு போகிற குடும்பங்கள் வந்து கேட்டால், பாரிஸ்காரரிடம் போனில் சொல்லிவிட்டு நீதான் கதவைத் திறந்துவிடுவாய். குழந்தைகளுக்கு மோர் கொடுப்பாய். எவனாவது வாயில் நாற்றத்தோடு வந்தால், "வீட்ல வெள்ளையடிக்கிறாங்க, போயிட்டு வாங்க" என்று அனுப்பிவிடுவாய். பிறகு பாரிஸ்காரர் ஓர் ஏஜெண்டைப் பிடித்தார். சாவியைப் பூந்தொட்டியடியில் வைத்துவிட்டுப் போகச் சொன்னான் அவன்.

"மூஞ்சியப் பாக்காம சாவி குடுக்க நான் என்ன மிஷினா?" என்றாய்.

அவன் மிஷினையே கொண்டு வந்துவிட்டான். கதவோரம் ஒரு பெட்டி. நாலு எண்ணை அமுக்கினால் திறக்கும், உள்ளே சாவி. உன் ஆணி காலியானது.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் நீ கொல்லையில் கருவாடு காயப்போட்டிருந்தாய். காலையிலிருந்தே பாரிஸ்காரர் வீட்டுக்குள் அந்தத் தடியன்களின் பாட்டும் கூச்சலும். சுவருக்கு மேலே பறந்து வந்த பாட்டில் உன் காலடியில் வெடித்தது. உடைந்த கழுத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நேரே போய் அவன்கள் கதவைத் தட்டினாய்.

"ஏன் தம்பி, மனுஷங்க இருக்கற எடம் இது. கண்ணு தெரியலயா?"

"கெழவி, காசு குடுத்து எடுத்துருக்கோம். போய் உன் கருவாட்டத் திருப்பிப் போடு."

"உங்கம்மா இருந்தாலும் இப்படித்தான் பேசுவியாடா?"

அவ்வளவுதான். கதவைத் திறந்தவன் உன் முடியைப் பிடித்து இழுத்தான். நான் உலக்கையோடு ஓடி வந்து, பூண் போட்ட பக்கத்தால் அவன் முழங்காலில் போட்டேன். எலும்பு போன சத்தம் கேட்டது. இன்றைக்கும் அந்தச் சத்தம் எனக்கு இனிக்கிறது, பொய் சொல்ல மாட்டேன். ஜுலைகா உலைநீரைக் கொண்டு வந்து ஒருவன் முதுகில் ஊற்றினாள். வனஜா என்னைப் பிடித்து இழுத்துக் கத்தினாள். சண்முகம் மட்டும் கத்தரிக்கோலும் கையுமாகக் கடை வாசலிலேயே நின்றான். அன்றிலிருந்து அவனிடம் நான் ரவிக்கை தைக்கக் கொடுப்பதில்லை.

அதற்குள் இன்னொருவன் உன் வயிற்றில் உதைத்தான். உன் தலை கருங்கல் படியில் மோதியது. நாங்கள் உன்னைத் தூக்கப் போனோம், அவன்கள் காரில் ஏறிப் போய்விட்டான்கள். கார் நம்பரை யார் பார்த்தது? உன்னைத்தானே பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஏட்டு வந்து கேட்டார்: "வீட்டுக்காரரு எங்கம்மா?"

"பாரிசுல."

"சாவி யாரு குடுத்தா?"

"பொட்டி குடுத்துச்சு."

எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். ஏஜெண்டிடம் இருந்த பெயர் பொய், போன் நம்பர் செத்துப்போனது. அவனும் அவன்கள் முகத்தைப் பார்த்ததில்லை. நீ மூன்று மாதம் படுக்கையில் கிடந்து, கடைசியில் என் பெயரையும் மறந்து போனாய்.

சாக்கடைத் தகராறில் நீ என்னோடு இரண்டு வருஷம் பேசாமல் இருந்ததை நான் மறக்கவில்லை. ஆனாலும் உனக்காகக் கூட்டத்துக்குப் போவேன். வாடகைக்கு விடாதே என்று சொல்ல மாட்டேன். சாமி கும்பிட வருகிறவர்கள் எங்கே தங்குவார்கள்? சாவி ஆள் கையிலிருந்து ஆள் கைக்குத்தான் போக வேண்டும். கொடுக்கிற ஆள் அதே தெருவில் குடியிருக்க வேண்டும். அவர் பெயரும் நம்பரும் கதவில் எழுதியிருக்க வேண்டும். வந்தவன் அடித்தால் சாவி கொடுத்தவரும் ஸ்டேஷனுக்கு வர வேண்டும். தெரு வேண்டாம் என்றால் அந்த வீட்டைப் பூட்ட வேண்டும். இதையெல்லாம் சொல்லிவிட்டு, நீ எப்படிச் செத்தாய் என்பதையும் சொல்வேன்.

அதைத்தான் சொல்லக் கூடாதாம். போன வாரம் ஓசூரிலிருந்து உன் மகன் வந்தான். உன் வீட்டுக் கதவிலும் அதே மாதிரிப் பெட்டியை மாட்டினான். கூடத்திலிருந்த உன் படத்தைக் கழற்றி அலமாரிக்குள் வைத்தான். வந்து தங்குகிறவர்களுக்குப் பயமாக இருக்குமாம்.

"சித்தி, கூட்டத்துல அம்மா விஷயத்தப் பேசாதீங்க. வீட்டுக்குக் கெட்ட பேரு வந்துடும்."

"எந்த வீட்டுக்குடா?"

"நம்ம வீட்டுக்குத்தான். இனிமே ஆளுங்க வரணும்ல?"

உலக்கை கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. நீ பெற்ற பிள்ளை என்பதால் விட்டேன்.

பாரிஸ்காரர் போனில் அழுதார், அவரைப் பாதி மன்னித்துவிட்டேன். சண்முகத்தையும் சாவதற்குள் மன்னித்தாலும் மன்னிப்பேன், கோழைதான் பாவம். அந்த ஐந்து பேரை மன்னிக்கவோ சபிக்கவோ பெயர் தெரியாது. பெயர் தெரிந்த ஒருவனை மட்டும் மன்னிக்க மாட்டேன், நீயே வந்து கேட்டாலும் மாட்டேன். உன் மகன் குமரேசன்.