ராய்ஸ் நிரப்பிய தோட்டாக்கள்

செப்டம்பர் 9

டெல்மரின் துப்பாக்கிக் கடை அலமாரியை இன்று நானே படித்தேன்! எழுபத்து நான்கு வயதில் எழுத்துக் கற்றவனுக்கு அது பெரிய விருந்து. முன்பெல்லாம் பெட்டியின் நிறத்தைப் பார்த்துத்தான் தோட்டா வாங்குவேன். இன்று ஒவ்வொரு பெட்டியாக வாய்விட்டுப் படித்துக்கொண்டே போனேன். எல்லாம் இருந்தன. என் துப்பாக்கிக்கான 257 ராபர்ட்ஸ் தோட்டா மட்டும் இல்லை.

"கேட்டுக் கேட்டு எனக்கே அலுத்துப்போச்சு. கம்பெனிக்காரன் அதைப் போடவே மாட்டேங்கறான்" என்றான் டெல்மர்.

எப்போதும் கடையிலேயே கிடக்கும் இளவட்டம் கிளேட்டன் காபியோடு சாய்ந்து நின்றான். "பெருசு, பேசாம புதுசா வந்திருக்கற கிரீட்மோர் துப்பாக்கி வாங்கு. பெட்ரோல் பங்க்ல கூடத் தோட்டா கிடைக்கும்."

"அது தானாவே மானைத் தேடிப் போயிடும்டா. நீ வண்டியிலயே தூங்கலாம்" என்றான் டெல்மர். கிளேட்டனைத் தவிர எல்லோரும் சிரித்தோம்.

என் நண்பன் ராய்ஸும் நானும் ஒரே நாளில், ஒரே மாதிரி இரண்டு துப்பாக்கி வாங்கினோம். காலிபர், அதாவது தோட்டா அளவு, ஒன்றாக இருந்தால் மலையில் ஒருவனுக்குத் தீர்ந்தாலும் மற்றவன் கொடுப்பான். பிப்ரவரியில் அவன் இறந்துபோனான். அக்டோபர் கடைசியில் மான் வேட்டை தொடங்கும். அந்த முதல் நாள் காலையில், எங்கள் மேட்டில், இந்தத் துப்பாக்கியோடு இன்னும் ஒரு தடவை நிற்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

செப்டம்பர் 10

ஓட்ஸ் டப்பாவின் பின்பக்கம் முழுவதும் படித்தேன். நன்றாகவே எழுதியிருக்கிறார்கள்.

செப்டம்பர் 20

பில்லிங்ஸ் துப்பாக்கிச் சந்தை. மூன்றாவது மேசையில் ஒரு பெட்டி 257 கண்ணில் பட்டது. நான் போய்ச் சேர்வதற்குள் ஒரு தாடிக்காரன் எடுத்துவிட்டான். எந்தத் துப்பாக்கிக்கு என்று கேட்டேன்.

"துப்பாக்கியா? எங்கிட்ட இந்தக் காலிபரே இல்ல. பெட்டி அழகா இருக்கு, சும்மா வெச்சிருப்பேன்."

வீடு வரும் வரை வண்டியில் தனியாகப் பேசிக்கொண்டே வந்தேன். எழுதத் தகுந்த பேச்சு அல்ல.

அக்டோபர் 3

ராய்ஸின் மனைவி ஐடெல்லா கூப்பிட்டாள். நிலவறையில், சுட்ட கூடுகளில் அவன் கையாலேயே மறுபடி மருந்து நிரப்பிய தோட்டாக்கள் இருக்கின்றனவாம். அவன் துப்பாக்கியை ஒரு வியாபாரி வந்து வாங்கிக்கொள்ளப் போகிறானாம். "தோட்டாவை நீ எடுத்துக்க. உன்னுதும் அதே காலிபர்தானே?"

அதேதான்! ஓடிப்போய் எடுத்து வந்தேன். பித்தளைக் கூடுகளைப் பளபளவென்று துடைத்து வைத்திருந்தான். பெட்டியைச் சமையலறை மேசையில் வைத்துக்கொண்டுதான் இரவுச் சாப்பாடு சாப்பிட்டேன்.

அக்டோபர் 11

கிளப் மைதானத்தில் குறி சரிபார்க்கும் நாள். ஊரே வந்திருந்தது. தோட்டாவைப் போட்டேன். தோட்டாவை உள்ளே தள்ளி மூடும் போல்ட் பாதியிலேயே நின்றுவிட்டது. இன்னொன்று போட்டேன். அதுவும் அப்படியே.

"ஒரு தட்டு தட்டு பெருசு, உள்ள போயிடும்" என்றான் கிளேட்டன்.

"தட்டாத! கையை எடு!" டெல்மர் ஓடி வந்தான். தோட்டாவை வாங்கி அளந்து பார்த்தான். "கூட்டோட கழுத்தை மட்டும் பழைய அளவுக்கு அமுக்கி நிரப்பியிருக்கான். உடம்பு அவன் துப்பாக்கியில வெடிச்சு, அதோட தோட்டா அறை அளவுக்கு வீங்கினபடியே இருக்கு. இது அவன் துப்பாக்கிக்கு மட்டும்தான் பொருந்தும், வெர்லின்."

ஒரே கம்பெனி, ஒரே காலிபர், ஒரே நாளில் வாங்கியது. அறை மட்டும் மயிரிழை வித்தியாசம்.

டேய் ராய்ஸ் — கடைசில உனக்கு மட்டும்தான் நிரப்பிக்கிட்டியா? நான் ஒருத்தன் இருந்தேனே, ஞாபகம் இல்லையாடா?

அக்டோபர் 12

பெட்டியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். ஐடெல்லாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன்மேல் எனக்குக் கோபம் என்று முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள்.

"அவனைத் திட்டாத. கடைசி ரெண்டு வருஷம் மணிக்கட்டு வலி. கூட்டை முழுசா அமுக்கணும்னா அந்த மெஷின் கைப்பிடியை ரொம்ப பலமா இழுக்கணும். கழுத்து மட்டும்னா கை நோகாதுன்னு சொல்லுவான்."

என்னிடம் அவன் வலியைப் பற்றி வாயே திறந்ததில்லை.

"அப்ப அவன் துப்பாக்கியையே எடுத்துட்டுப் போயேன்" என்றாள். வேண்டாம் என்றேன். அந்தத் துப்பாக்கிக் கட்டையில் அவன் கன்னம் பட்டுப் பட்டு வழவழப்பாகியிருக்கும் இடத்தில் என் கன்னத்தை வைக்க முடியாது. ஆனால் வியாபாரி வெள்ளிக்கிழமை வருகிறான் என்று அவள் சொன்னதும் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். விற்காதே என்று சொல்ல நான் யார்?

அக்டோபர் 14

மேட்டில் முதல் பனி விழுந்திருக்கிறது. ஜன்னலிலிருந்தே தெரிகிறது. நாள் முழுக்க அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்டோபர் 17

ஐடெல்லாவின் வண்டி வந்து நின்றது. பக்கத்து இருக்கையில் உறையோடு ராய்ஸின் துப்பாக்கி.

"வியாபாரியைத் திருப்பி அனுப்பிட்டேன். வேட்டை லைசென்ஸ் வாங்கிட்டேன்."

"யாருக்கு?"

"பார்த்தா தெரியல? எனக்குத்தான். எங்கப்பா எனக்குப் பத்து வயசுலயே சுடக் கத்துக்குடுத்தாரு. நாப்பது வருஷமா நீங்க ரெண்டு பேரும் போனீங்க. ஒருத்தனாவது 'ஐடெல்லா, வர்றியா?'ன்னு கேட்டிருப்பீங்களா? 'சாண்ட்விச் கட்டித் தா'ன்னு மட்டும் வந்து நின்னீங்க."

கேட்கவில்லைதான். கேட்கலாம் என்று தோன்றியதே இல்லை. வண்டி ஜன்னலில் குனிந்து, "வர்றியா?" என்று கேட்டேன்.

"ரொம்ப சீக்கிரம் கேட்டுட்ட" என்றாள்.

அக்டோபர் 25

என் துப்பாக்கியை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனேன். தோள் லேசாக இருந்தது. முதலில் அது பிடிக்கவில்லை.

விடிந்ததும் ஓடையைத் தாண்டி ஒரு ஆண் மான் வந்தது. ஐடெல்லா பாறையில் முழங்கையை ஊன்றினாள். ராய்ஸ் நிரப்பிய தோட்டாவைப் போட்டாள்; போல்ட் வெண்ணெய் போல மூடியது. ஒரே குண்டு. மான் நாலடி நடந்து சாய்ந்தது.

இரண்டு கிழங்கள் ஒரு மானை இழுத்துக்கொண்டு மலையிறங்குவதைக் கிளேட்டன் பார்க்காதது நல்லதாயிற்று. பாதி நேரம் உட்கார்ந்து மூச்சு வாங்கினோம். மீதி நேரம் சிரித்தோம்.

அவள் வீட்டில் ஈரலை வெங்காயத்தோடு வறுத்தாள். வேட்டை முடிந்ததும் எப்போதும் வைப்பது போல என் தட்டு நிறைய வைத்தாள். தனக்குக் கொஞ்சம். ராய்ஸ் ஈரல் சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை, மேசைக்கு வருவதற்கு முன்பே சமையலறையில் நின்றபடி தின்றுவிடுவானோ என்றேன்.

"அவனா? அவன் ஈரலைத் தொடவே மாட்டான். வருஷா வருஷம் உனக்குன்னுதான் வறுத்தேன்."

எனக்கு அது தெரியாது. இன்னும் கொஞ்சம் வை என்று தட்டை நீட்டினேன்.