புருவத்தில் மஞ்சள்

செவ்வாய், இரவு.

போன சனிக்கிழமை யோங் பெங்கிலிருந்து வந்த கல்யாணப் பெண்ணுக்கு என் கடையில் பர்மனென்ட் மேக்கப்பில், ஊசியால் மை குத்திப் புருவம் போட்டேன். ஊசி புதிது, அவள் கண் முன்னால்தான் பிரித்தேன். தண்ணீர், சோப்பு படக்கூடாது என்று சொல்லியனுப்பினேன். மஞ்சளைச் சொல்லத் தோன்றவில்லை. நேற்று நலங்கில் உறவுக்காரர்கள் ஆளாளுக்கு அரைத்த மஞ்சளை அந்தப் பச்சைப் புண் மேலேயே பூசியிருக்கிறார்கள்.

சாயங்காலம் அவள் அம்மா போன் செய்தார். கண் இரண்டும் வீங்கிவிட்டதாம், காய்ச்சலாம்.

"மஞ்சள் புண்ணுக்கு நல்லதுதானே லா? கிளினிக் போனா எந்தக் கடைன்னு கேப்பாங்க. உங்களுக்குத்தான் பிரச்சன. நீங்களே ஒரு கிரீம் குடுங்க."

என் கடை லைசன்ஸ் முடி வெட்ட மட்டும்தான். ஊசி பிடிக்க இல்லை. கிரீம் டிராயரில் இருந்தது. எடுத்தும் விட்டேன். காய்ச்சல் வரை போயிருக்கிறதே என்று திரும்ப உள்ளே வைத்தேன்.

"இப்பவே கிளினிக் போங்கக்கா. கடை பேரையும் சொல்லுங்க. என்ன மைன்னு கேட்டா பாட்டில எடுத்துக்கிட்டு நானே வர்றேன்."

அவர் போனை வைத்துவிட்டார். போனார்களா, தெரியவில்லை. மை பாட்டில் கைப்பையில் இருக்கிறது. டாக்டர் கூப்பிட்டால் போய்விடுவேன். அந்த அம்மா மறுபடியும் கிரீம் கேட்டுக் கூப்பிட்டால்தான், என்ன சொல்வேனோ.