தண்டைப் பிடித்து நட்ட நாற்றுகள்

மருமகளுக்கு,

உன் மாமியார் எழுதுவது. நாங்கள் இருக்கிறோம். நலம் என்று எழுதினால் பொய். நலமில்லை என்று எழுதினால் உனக்குச் சந்தோஷம். அதனால் இருக்கிறோம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். என் பேத்தி எலிக்குட்டிக்கு அந்த முன்பல் விழுந்துவிட்டதா? நாக்கால் தள்ளிக்கொண்டே இருந்தாளே. தள்ள விடாதே, அடுத்த பல் கோணலாக வரும்.

நீ போன இடம் எனக்குத் தெரியாது, என் மகனுக்கும் தெரியாது. கீழ்வீட்டுத் தையல்காரிக்குத் தெரியும் என்று அவள் முகமே சொல்கிறது. கேட்டால், எனக்கென்ன தெரியும் பெரியம்மா என்று குனிந்து ஊசியில் நூல் கோக்கிறாள். ஏற்கெனவே நூல் கோத்திருக்கிற ஊசி அது. கடிதத்தை அவள் மேசைமேல் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் வரப்போகிறேன். கால் முளைத்து உன்னிடம் வந்து சேரட்டும்.

இவ்வளவு பெரிய முடிவை எடுத்தவளுக்கு என்னிடம் ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லை. நான் மருந்துக் கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் பெட்டியும் இல்லை, நீயும் இல்லை, பிள்ளையும் இல்லை. அடுப்பில் பாலை மட்டும் பொங்கவிடாமல் இறக்கி மூடி வைத்திருந்தாய். பாலுக்குக் கிடைத்த மரியாதை எனக்குக் கிடைக்கவில்லை. தெருவில் கேட்கிறவர்களிடம், அவள் அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்கிறேன். உனக்கு அம்மா இல்லை என்பது தெருவுக்கே தெரியும். தலையை ஆட்டிக்கொண்டு போகிறார்கள்.

எழுத வந்தது உன் நாற்றுகளைப் பற்றி. பின்னறையில் குழித்தட்டுகளில் விட்டுப் போனாயே, நர்சரிக்காரருக்குத் தருவதாகச் சொன்ன மிளகாயும் தக்காளியும் கத்தரியும். தினம் நான்தான் தண்ணீர் தெளித்தேன், நன்றாகத்தான் இருந்தன. போன ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு ஷிஃப்ட் இல்லை. திடீரென்று, இதையெல்லாம் பெரிய தொட்டிக்கு மாற்றிவிட்டால் அவள் சந்தோஷப்படுவாள் அம்மா என்றான். கடைக்குப் போய்த் தொட்டி, மண், உரம் எல்லாம் வாங்கி வந்தான். வீட்டில் ஒரு துரும்பை எடுத்துப் போடாதவன், சாயங்காலம் வரை தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கி நட்டான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பரவாயில்லை, பிள்ளைக்குப் புத்தி வந்துவிட்டது என்று நினைத்தேன்.

காலையில் பார்த்தால் அத்தனையும் தலை தொங்கிக் கிடக்கின்றன. வெயில் போதவில்லை என்று ஜன்னலோரம் தள்ளினான், இன்னும் தொங்கின. தாகம் என்று வாளியோடு ஊற்றினான். பசி என்று உரத்தை அள்ளிப் போட்டான். இப்போது பிழிந்து போட்ட துணி மாதிரி தொட்டி விளிம்பில் கிடக்கின்றன.

அவள் வந்தால்தான் பிழைக்கும், நீ எழுதினால் வருவாள் என்று என் பின்னாலேயே நிற்கிறான். நான் யாரையும் வா என்று எழுதியவள் இல்லை. என் வீட்டுக்காரர் கோபித்துக்கொண்டு போனபோதுகூட எழுதவில்லை. பசித்ததும் அவரே வந்தார். உனக்காக எழுதுகிறேன். வந்து உன் செடியையும் பார், வீட்டையும் பார். புருஷன் பெண்டாட்டி சண்டை இல்லாத வீடு ஒன்று இருந்தால் சொல், நானே போய் வாடகைக்கு இருக்கிறேன்.

வர மனமில்லாவிட்டால் இந்த நாற்றுகளுக்கு என்ன செய்வதென்றாவது சொல்லி அனுப்பு. அவை உன்னோடு சண்டை போடவில்லை.

பிள்ளைக்கு என் முத்தம். என்மேல் உள்ள கோபத்தில் அதைக் கொடுக்காமல் விட்டுவிடாதே.

இப்படிக்கு,
உன் மாமியார்

❖

அம்மாடி,

உன் பதில் வந்தது. தையல்காரி ஜாக்கெட் துணிக்குள் மடித்துக் கொடுத்தாள். முக்கியமானதை முதலில் எழுதிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கிறேன் என்று எழுதியிருக்கிறாயே, வராதே. வா என்று எழுதியவளும் நான்தான். அதை நானே திரும்ப வாங்கிக்கொள்கிறேன். எனக்கு அது லேசான காரியமில்லை என்று உனக்குத் தெரியும்.

நீ எழுதியபடியே எல்லாம் செய்தேன். தொட்டிகளை ஜன்னலிலிருந்து இழுத்து, வெளிச்சம் மட்டும் படுகிற சுவரோரம் வைத்தேன். அவன் கொட்டிய உரத்தை மேல்மண்ணோடு கரண்டியால் வழித்தெடுத்தேன். தேங்கிய தண்ணீரைச் சாய்த்து வடித்தேன். மண் விரலில் ஒட்டாத அளவு காய்ந்த பிறகுதான், தொட்டியைத் தட்டுத் தண்ணீரில் உட்காரவைத்து அடியிலிருந்து குடிக்க விட்டேன். காலி பாட்டில்களின் அடியை வெட்டி ஒவ்வொன்றின் மேலும் கவிழ்த்தேன். பின்னறை ஆஸ்பத்திரி வார்டு மாதிரி ஆகிவிட்டது, நான் ஒருத்திதான் நர்ஸ். பேசாமல் பிடுங்கிப் பழைய தட்டிலேயே வைத்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. கூடவே கூடாது என்று நீ அடிக்கோடு போட்டிருந்தாய், கையைக் கட்டிக்கொண்டேன்.

முதலில் கத்தரிதான் நிமிர்ந்தது. அது சொரணை கெட்டது, எதையும் தாங்கும். தக்காளி யோசித்து யோசித்து எழுந்தது. பாட்டிலுக்குள் வேர்த்துக்கொண்டு அது தலையைத் தூக்கிய அன்று நான் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். மிளகாயில் பாதி எழவே இல்லை.

ஏன் என்று ஒரு பாட்டிலைத் தூக்கிவிட்டுக் கண்ணாடி போட்டுக்கொண்டு கிட்டத்தில் பார்த்தேன். மண்ணுக்குச் சற்று மேலே தண்டு நசுங்கியிருந்தது. இந்தப் பக்கம் ஒரு கறுப்புத் தடம், அந்தப் பக்கம் ஒரு கறுப்புத் தடம். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வைத்து அழுத்திய அளவு. அடுத்ததைப் பார்த்தேன், அதுவும் அப்படியே. நீ நாற்றைத் தூக்கும்போது இலையைப் பிடித்துத்தான் தூக்குவாய். இலை போனால் இன்னொரு இலை வரும், தண்டு போனால் அவ்வளவுதான் என்று எலிக்குட்டிக்குச் சொல்லிக்கொடுப்பாய். இவன் ஒன்று விடாமல் தண்டைப் பிடித்தே பிடுங்கியிருக்கிறான்.

அந்தத் தடத்தைப் பார்த்தபடி தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். போன மழைக்காலத்தில் நீ கழுத்தைச் சுற்றித் துணி கட்டிக்கொண்டு, சளி பிடித்திருக்கிறது அத்தை என்றாய். வெந்நீர் வைத்துக் கொடுத்தேன். உனக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. இதற்குமேல் அதைப் பற்றி எழுத மாட்டேன்.

நீ வருவதாக எழுதியிருப்பதை அவனிடம் சொல்லித் தொலைத்திருந்தேன். சந்தோஷப்பட்டான். முடி வெட்டிக்கொண்டு வந்தான், விசிலடித்துக்கொண்டு குளித்தான். பதில் யார் கையில் வந்தது என்று கேட்டான். தபாலில் என்றேன். உறையைக் காட்டு என்றான். அடுப்பில் போட்டுவிட்டேன் என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தான். மறுநாள் தச்சரைக் கூட்டிக்கொண்டு வந்தான். பின்னறைக் கதவுக்கு வெளிப்பக்கம் தாழ்ப்பாள் வைக்க வேண்டுமாம்.

தச்சர் அளவெடுத்துவிட்டு, ஏன் பெரியம்மா, தாழ்ப்பாளை உள்பக்கம்தானே வைப்பார்கள் என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். நான் அவனிடம், கத்தரி நாற்றைத் திருட யார் வரப்போகிறார்கள் என்று கேட்டேன். இனிமேல் யாரும் சொல்லாமல் கொள்ளாமல் போகக் கூடாது அம்மா, அதற்குத்தான் என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அவன் சிறுவனாக இருந்தபோது அந்தச் சிரிப்பைக் கண்டு நான் மயங்கியிருக்கிறேன்.

கல்லானாலும் கணவன் என்பார்கள். கல்லை வீட்டில் வைத்துக்கொள்ளலாம், அது பாட்டுக்கு மூலையில் கிடக்கும். கை முளைத்த கல்லை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பெற்றவள் நான். தூக்கி எறியவும் முடியாது, தலையில் வைத்து ஆடவும் முடியாது. நீ அப்படியில்லை. உன்னால் முடிந்தது, போய்விட்டாய். சொல்லாமல் போனாயே என்று அன்றைக்குக் குறைப்பட்டேன். சொல்லியிருந்தால் நான் உன் பெட்டியைப் பிடுங்கி வைத்திருப்பேன். நீ செய்ததுதான் சரி.

நிமிர்ந்த நாற்றுகளை மட்டும் இன்று அவன் ஷிஃப்டுக்குப் போனதும் அட்டைப் பெட்டிகளில் வைத்துத் தையல்காரியிடம் கொடுத்துவிட்டேன். அவள் தம்பியின் வண்டியில் துணி மூட்டைகளோடு மூட்டையாக வரும். வந்ததும் ஆசையில் வெயிலில் வைத்துவிடாதே. பாட்டிலை ஒரேயடியாக எடுக்காமல், தினம் கொஞ்ச நேரம் திறந்து பழக்கு. உனக்கே சொல்லிக்கொடுக்கிறேன் பார். நர்சரிக்காரரிடம் தாமதத்துக்கு நீயே ஏதாவது காரணம் சொல்லிக்கொள். அவன் கேட்டால் எல்லாம் செத்துவிட்டன, குப்பையில் போட்டேன் என்பேன். நசுங்கிய மிளகாயை அதற்காகவே இங்கே வைத்திருக்கிறேன், காட்டுவதற்கு.

என்னைப் பற்றிக் கவலைப்படாதே. அந்தப் பின்னறை இனிமேல் என் அறை என்று சொல்லி, என் கட்டிலை அங்கே இழுத்துப் போட்டுக்கொண்டேன். தாழ்ப்பாள் வெளியே இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். எனக்கு எங்கே போக வேண்டியிருக்கிறது? என்னிடம் அவன் குரல் உயரும், கை உயராது. உயர்ந்தால் அதையும் பார்த்துக்கொள்வேன்.

ஒன்று கேட்கிறேன், தட்டாதே. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று அவனிடமிருந்து சேதி வரும், வராதே. அம்மா படுத்த படுக்கையாகிவிட்டாள் என்று வரும், அப்போதும் வராதே. செத்துவிட்டேன் என்று வந்தாலும் வராதே. யார் வந்தார்கள் யார் வரவில்லை என்று செத்தவள் எண்ணிக்கொண்டிருக்கப் போவதில்லை. கதவை யாராவது தட்டினால் குரல் கேட்டுவிட்டுத் திற. அது என் குரலாக இருந்தாலும், பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத் திற.

எனக்கு இனிமேல் எழுதாதே. எழுதினால் படிக்காமல் இருக்க என்னால் முடியாது. படித்தால் நீ இருக்கும் இடம் என் முகத்தில் தெரியும். அந்த முகத்தை அவன் பிறந்ததிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறான். பிள்ளை வளர்வதைப் பற்றி ஒரு வரிகூட வேண்டாம். நானே யூகித்துக்கொள்கிறேன்.

நன்றாக இரு அம்மாடி. தூரமாக இரு.

இப்படிக்கு,
எலிக்குட்டியின் பாட்டி