கொண்டிச் சத்தத்தில் நின்ற பாட்டு

ஜீவனஹள்ளி, பெங்களூர்
14.9.2004

சௌபாக்கியவதி ஸ்ரீரஞ்சனிக்கு அப்பா ஆசீர்வாதங்களுடன் எழுதுவது. நீயும் மாப்பிள்ளை பத்ரிநாத்தும் குழந்தை ஸ்னேஹாவும் மான்செஸ்டர் மழையில் நனையாமல் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நானும் சுகம் என்று எழுதுவதுதான் முறை, உடம்பைப் பொறுத்தவரை அது உண்மையும்தான், மாத்திரைகளை நேரம் தவறாமல் எடுத்துக்கொள்கிறேன். அம்மா காலமாகி ஆறாவது மாதத்து மாசிகம் சென்ற வியாழக்கிழமை நல்லபடியாக நடந்தது, சாஸ்திரிகள் இந்த முறை அவசரப்படவில்லை. தெருவில் சாக்கடைக்காகத் தோண்டிப் போட்டிருப்பதால் சமையற்காரர் பாத்திரங்களைத் தலையில் வைத்துக்கொண்டு பலகைமேல் நடந்து வந்தார், விழுந்துவிடுவாரோ என்று அவரைவிட எனக்குத்தான் பதைப்பு. கீழே குடியிருக்கும் கவியரசன் ராத்திரி வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிற பிள்ளை, ஆனாலும் அன்று விழித்திருந்து வாழை இலை வாங்கி வந்து கொடுத்தார். நீ ஞாயிற்றுக்கிழமை போனில் ரெக்கார்டுகள் என்ன ஆயின என்று கேட்டாய். லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது. எதிரில் ஆள் இல்லாதபோதுதான் எனக்குப் பேச வருகிறது, அதனால் எழுதுகிறேன்.

நீ ஏற்பாடு செய்தபடி காக்ஸ் டவுன் ஹெர்பர்ட் புதன்கிழமை மாலை வந்தார். ஓட்டல் வாத்தியக் குழுவில் டிரம் வாசித்தவர், இப்போது பழைய ரெக்கார்டுகளை வாங்கி உங்கள் ஊர்ப் பக்கம் அனுப்புகிறவர் என்று நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும். அம்மா கான்வென்ட்டில் கணக்கு டீச்சராக இருந்தபோது ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் விட்டுப்போன ரெக்கார்டுகளைச் சேர்க்க ஆரம்பித்தாள் என்பது எனக்குத் தெரியும், அவை சோல் பாட்டுகள் என்றும், கறுப்பு அமெரிக்கர்கள் அறுபதுகளில் பாடியவை என்றும் உன் கடிதத்திலிருந்துதான் தெரிந்துகொண்டேன். சி.டி. வந்த புதிதில் எல்லோரும் இவற்றைப் பழைய பேப்பர்க் கடையில் எடைக்குப் போட்டார்கள், அம்மா மட்டும் அந்தக் கடை வாசலில் குந்தி உட்கார்ந்து பொறுக்கிக்கொண்டு வருவாள். அந்தக் குப்பைக்கு இப்போது ஏலம் நடக்கிறது என்று நீ சொன்னபோது நான் நம்பவில்லை. வருகிறவர் சிரமப்படக் கூடாது என்று எல்லாவற்றையும் அளவு வாரியாகப் பிரித்து, பழைய வேஷ்டித் துணியால் துடைத்து, கூடத்தில் அடுக்கி வைத்திருந்தேன். கவியரசன் எட்டிப் பார்த்துவிட்டு, "அம்மா இவ்வளவு பாட்டா வச்சிருந்தாங்க, ஐயா? சாயந்தரம் மேல தும் தும்னு கேக்கும், நான் கிரைண்டர்ல மாவு ஓடுதுன்னு இல்ல நெனச்சேன்" என்றார். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன் என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

ஹெர்பர்ட் ஒவ்வொன்றையும் டியூப்லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பார்த்துத் தரம் பிரித்தார். நீ பெரிய விலை எதிர்பார்த்த அந்த நீல லேபிள் ரெக்கார்டு உறை பிரிக்காத மாதிரி அப்படியே இருந்தது, ஆனால் அதைப் பார்த்து அவர் உதட்டைப் பிதுக்கினார். "சார், உங்க பொண்ணு சொல்றது போன வருஷத்து விலை. அமெரிக்காவுல எவனோ ஒருத்தன் மூடிக் கெடந்த கோடவுனைத் தொறந்தான், உள்ள பெட்டி பெட்டியா இதே ரெக்கார்டு. உலகத்துலயே நாலுதான் இருக்குன்னு வாங்கி வச்சவனெல்லாம் இப்ப வயித்துல அடிச்சிக்கிறான்" என்றார். இதைக் கேட்டு நீ வருத்தப்படாதே, இப்படி ஏறி இறங்குகிற ஒன்றை நாம் முன்கூட்டி அறிந்திருக்க முடியாது. மற்றவற்றில் பல நன்றாக இருப்பதாகச் சொன்னார். கடைசியில் சிவப்பு லேபிள் போட்ட ஒரு சிறிய ரெக்கார்டைக் கையில் எடுத்தவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். டெட்ராய்ட்டில் சில மாதங்களே நடந்து மூடிப்போன ஒரு கம்பெனி போட்டதாம், இதற்கு எந்தக் கோடவுனிலும் பெட்டி இல்லையாம், நல்ல நிலையில் இருந்தால் அதை விற்று ஒரு ஸ்கூட்டரே வாங்கலாமாம். "ஆனா பாருங்க சார், மேடம் இதைக் கொன்னுட்டாங்க" என்று என்னிடம் நீட்டினார். நான் துடைத்தபோது கவனிக்கவில்லை. முள் ஓடத் தொடங்குகிற வெளி விளிம்பிலிருந்து சாம்பல் பூத்து வெளுத்திருந்தது, உள்ளே போகப் போக வெளுப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வந்தது, நடு லேபிளை ஒட்டி ஒரு விரற்கடை அகலத்துக்கு மட்டும் இன்று வாங்கியதுபோல் கறுகறுவென்று இருந்தது. இத்தனை தடவை போட்டவர்கள் ஒரு தடவைகூட முழுதாகப் போடவில்லையே, இது எப்படி என்று நான் கேட்டேன்.

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "உங்களுக்குத் தெரியாதா சார்?" என்றார். பழைய பேப்பர்க் கடை வாசலில் அம்மாவோடு பழக்கமானவராம், இதைப் போடாமல் பத்திரமாக வைக்கும்படி அவளிடம் பலமுறை கெஞ்சினாராம், போடப் போட விலை தேய்கிறது மேடம் என்று சொன்னாராம். அம்மா சொன்னதை அவர் அவள் குரலிலேயே சொல்லிக் காட்டினார், நம் வீட்டுப் பேச்சு அவர் வாயில் வேடிக்கையாகத்தான் இருந்தது, எனக்குச் சிரிப்பு வரவில்லை. "மத்ததெல்லாம் பகல்ல போட்டுக்கறேன் மிஸ்டர் ஹெர்பர்ட். இது மட்டும் அவர் தெருமுனையில திரும்பறது ஜன்னல்ல தெரிஞ்சாத்தான். அவருக்கு இங்கிலீஷ் பாட்டு ஆகாது, பாவம், வாயைத் திறந்து சொல்ல மாட்டார். அதனால வாசல் கேட் கொண்டி சத்தம் வந்த ஒடனே முள்ளை எடுத்துடுவேன். முன்னெல்லாம் பாதிதான் கிடைக்கும். இப்போ அவர் நடை தளர்ந்துடுத்தோல்லியோ, நெறையக் கேக்க முடியறது."

ரஞ்சனி, நான் பிடிக்காது என்று ஒருநாளும் சொன்னதில்லை. பிடிக்கும் என்றும் சொன்னதில்லை. செக்ரடேரியட்டிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கித் தெருமுனையில் திரும்பினால் அந்தப் பாட்டு கேட்கும். வார்த்தை ஒன்றும் புரியாது, ஒரு ஆண்குரல் கெஞ்சுவதுபோல் ஏறும், பின்னால் பெண்கள் சேர்ந்து அதற்குப் பதில் சொல்வார்கள். பகலெல்லாம் கோப்புகளில் குனிந்திருந்த கழுத்து அப்போதுதான் நிமிரும். நான் கொண்டியைத் தூக்கியதும் நின்றுவிடும். இது அவளுக்கே உரியது, நான் கேட்பதை அவள் விரும்பவில்லை என்று எடுத்துக்கொண்டேன். என்ன பாட்டு என்று கேட்டால் ஒளிந்து கேட்டதாக ஆகிவிடுமே என்று பயம். அதனால் வருஷத்துக்கு வருஷம் மெதுவாக நடக்கப் பழகினேன். செருப்பு வாரைச் சரிசெய்கிற மாதிரி பக்கத்து வீட்டுச் சுவரோரம் குனிவேன், எதிர் வீட்டார் ஏதாவது நினைப்பார்களோ என்று கூசிப்போய்ப் பாட்டு முடிவதற்குள் கேட்டைத் திறந்துவிடுவேன். ரிடையர் ஆன பிறகும், நான் வீட்டிலேயே இருந்தால் அவள் பாட்டுக்கு இடைஞ்சல் என்றுதான் தினமும் மாலையில் வாக்கிங் போனேன், டாக்டர் சொன்னார் என்று உங்களிடமெல்லாம் சொன்னது பொய். என் நடை தளரவில்லை ரஞ்சனி. என் காலுக்கு இன்றுவரை ஒன்றும் இல்லை.

தொண்ணூற்றொன்றில் காவிரிக் கலவரம் வந்தது உனக்கு நினைவிருக்கும், பெயர்ப் பலகையைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டு நாம் மூவரும் ஒரு வாரம் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தோமே. அந்த வாரம் முழுக்க அவள் பாட்டுப் பெட்டியைத் திறக்கவே இல்லை. வெளியே சத்தம் போகக் கூடாது என்ற பயத்தினால் என்று நினைத்திருந்தேன். மெதுவாக வைத்துப் போடேன், கேட்கலாம் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. இப்போது யோசித்தால் வீட்டில் நான் இருந்ததுதான் காரணமோ என்று தோன்றுகிறது. இன்னொன்று, நான் எல்லாக் கீல்களுக்கும் அமாவாசை தோறும் எண்ணெய் விடுகிறவன் என்று நீ கேலி செய்வாய். அந்தக் கொண்டிக்கு மட்டும் விட்டதில்லை. "ஏன்னா, அதுக்கு மட்டும் போடாதேள், யார் வரான்னு மேல தெரிய வேண்டாமா" என்று அவள்தான் சொன்னாள். திருட்டுப் பயம் என்று எடுத்துக்கொண்டேன். நான் எடுத்துக்கொண்டது ஒவ்வொன்றும் தப்பு.

என்னைப் பார்த்த பிறகுதான் அதைப் போட்டிருக்கிறாள் என்றால் அது எனக்காகத்தான் இருக்க வேண்டும் என்று காகிதத்தில் கணக்குப் போடுவதுபோல் போட்டுப் பார்க்கிறேன், சரியாகத்தான் வருகிறது. மறுநிமிஷம், நான் வருவதற்குள் கிடைக்கிற கடைசி நிமிஷங்களில் தனக்குப் பிடித்ததைக் கேட்டுவிட வேண்டும் என்று போட்டிருக்கலாம் அல்லவா என்று சந்தேகம் வருகிறது. நீ பெண், உனக்குத் தெரிந்திருக்கும். தெரிந்தால் தெரிந்தபடி எழுது, எனக்கு ஆறுதலாக இருக்க வேண்டும் என்று எழுத வேண்டாம்.

ஹெர்பர்ட் அதை ஒருமுறை போட்டுக் காட்டட்டுமா என்று கேட்டார். நான் ஜன்னலோரம் நின்றுகொண்டேன், அங்கிருந்து தெருமுனை எவ்வளவு நன்றாகத் தெரிகிறது என்று அன்றுதான் பார்த்தேன். முதலில் பாட்டைவிடக் கரகரப்புதான் அதிகம், எண்ணெயில் அப்பளம் பொரிகிற மாதிரி. போகப் போகத் தெளிந்தது. வழக்கமாக நிற்கிற இடம் வந்தது. நிற்கவில்லை. கரகரப்பு அடியோடு போய், அந்தக் குரல் பக்கத்தில் நிற்கிறவர் பேசுவதுபோல் சுத்தமாக எழும்பியது. நான் நிறுத்துங்கள் என்று கத்திவிட்டேன். நான் கத்தி நீ கேட்டதே இல்லை, கீழே போயிருந்த கவியரசன் படியேறி ஓடி வந்துவிட்டார். ஹெர்பர்ட் பதறி முள்ளை எடுத்துவிட்டு, "ஸாரி சார், ஸாரி" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அவருக்குக் காபி போட்டுக் கொடுத்தேன், அதில் சர்க்கரை போட்டேனா என்று தெரியவில்லை, கடைசி வாய்வரை குடித்தார்.

மற்ற ரெக்கார்டுகளை அவரே எடுத்துக்கொண்டு போகட்டும் என்று கொடுத்துவிட்டேன். அதிகமும் உங்கள் ஊர்ப் பக்கம்தான் போகும், அங்கே சனிக்கிழமைகளில் ஒரு கூடத்தில் இவற்றைப் போட்டு ஆடுவார்கள் என்றார். ஆடட்டும், அலமாரியில் தூசி படிவதைவிட அது அவளுக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன், தவறாகவும் இருக்கலாம். விலை விஷயம் நீயும் அவரும் பேசிக்கொள்ளுங்கள். சிவப்பு லேபிளை மட்டும் தரவில்லை. இது இனிமேல் யாருக்கும் உதவாது சார், நீங்களே வச்சுக்குங்க என்று அவரே சொன்னார், இல்லாவிட்டால் அதை எப்படிக் கேட்பது என்று தவித்திருப்பேன்.

மாப்பிள்ளை உன்னிடம் எதையாவது சொல்லாமல் இருந்தால் நீயே கேட்டுவிடு. நீயும் சொல்லிவிடு. குழந்தையின் இருமலுக்குச் சித்தரத்தையும் அதிமதுரமும் தனித்தனிப் பொட்டலமாகப் பார்சலில் வைத்திருக்கிறேன், மேலே பெயர் எழுதியிருக்கிறேன், மாற்றிவிடாதே. உங்கள் மூவருக்கும் எல்லா நலன்களும் கூடிவரத் தினமும் வேண்டிக்கொள்கிறேன். ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். டிசம்பரில் நீ வரும்போது டாக்சியைத் தெருமுனையிலேயே நிறுத்தச் சொல், பெட்டிகளைக் கவியரசன் எடுத்து வருவார். நான் ஜன்னலில் இருப்பேன், உன்னைப் பார்த்ததும் பாட்டைப் போடுவேன். உன் வேகத்திலேயே நட, சுவரோரம் எங்கும் நிற்காதே. கொண்டிக்கு இன்னும் எண்ணெய் விடவில்லை, நன்றாகச் சத்தம் வரும்படி தூக்கித் திறந்துகொண்டு மேலே வா. நான் முள்ளை எடுக்க மாட்டேன். மிச்சத்தை நாம் சேர்ந்து கேட்கலாம்.

உன் வரவை எதிர்பார்க்கும் அப்பா,
வைத்தீஸ்வரன்